காட்டேரிக்குப்பத்தில் ஒரு குளியலறை

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் வழியாக வடமேற்கே போனால் பத்துக்கண்ணுக்கு அருகே ஊசுட்டேரி கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். புதுச்சேரிப் பகுதியிலேயே பெரிய ஏரி இதுதான். 2008-ல் பறவைகள் சரணாலயமாகவும் அறிவித்திருக்கிறார்கள். சங்கராபரணி ஆற்றுத் தண்ணீரை இந்த ஏரிக்குக் கொண்டு வரும் வாய்க்காலுக்கு சுத்துக்கேணி வாய்க்கால் என்று பெயர். அந்தச் சுத்துக்கேணிப் பக்கம்தான் காட்டேரிக்குப்பம். மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த ஊர். பேரைக் கேட்டுப் பிள்ளைகள் பேய்க் கதை கேட்பார்கள். குப்பம் என்றதும் பெரியவர்கள் கடலைத் தேடுவார்கள். இரண்டும் இல்லை. கரும்பும் நெல்லும் தென்னையுமாக அமைதியான கிராமம்.

என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் இது. அவள் வீட்டில் குளியலறையைப் புதுப்பித்தபோது பத்து நாள் கூடமாட உதவியாக இருந்தேன். நம்மில் பலருக்கும் பயன்படும் சங்கதிகள் அங்கே தெரிந்ததால் எழுதுகிறேன்.

பழைய ஓட்டு வீடு. கொல்லையில் நாலு பக்கம் தடுப்பு, கீழே கடப்பைக் கல், அதுதான் குளிக்கிற இடம். கக்கூஸ் இன்னும் தள்ளி, தோட்டத்து மூலையில். அக்காவின் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. ராத்திரி வேளையில் டார்ச் லைட்டோடு யாராவது கூடப் போக வேண்டும். மழை நாளில் பாசி பிடித்த கல்லில் ஒருமுறை வழுக்கி விழுந்து, நல்ல வேளையாக இடுப்பு எலும்பு தப்பியது. அதற்குப் பிறகு யாரையும் எழுப்பத் தயங்கி, சாயங்காலத்துக்கு மேல் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டுவிட்டார். இதைக் கவனித்த பிறகுதான் அக்கா, "இனி பொறுக்கறதில்லே" என்று கிளம்பினாள்.

வீட்டின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தை ஒட்டிக் குளியலறையும் கழிப்பறையும் கட்டுவதென்று முடிவாயிற்று. கொத்தனார் வந்து பார்த்தார். "கொல்லையிலே 15 அடிக்கு உறை இறக்கிடலாம்மா. ஒரே குழி. ஆயுசுக்கும் கவலையில்லை" என்றார். அவர் காட்டிய இடத்துக்கும் போர் போட்ட இடத்துக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு மேலே ஏறும் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆழக் குழி அந்தத் தண்ணீரைத் தொட்டுவிட்டால், குழியில் இருப்பதெல்லாம் குடிநீரோடுதானே கலக்கும்? பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கும் டைபாய்டுக்கும் நாமே வழி வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

அதனால் இரட்டைக் குழி முறையைத் தேர்ந்தெடுத்தோம். 1970-ல் பீகாரில் சுலப் நிறுவனத்தைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் நாடெங்கும் பரப்பிய முறை இது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு, குறுக்களவு 3 அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் ஆழம் 4 அடிக்குள்ளும் இரண்டு குழிகள் போதும். சுற்றுச்சுவரில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்க வேண்டும். அடியில் சிமெண்ட் பூசக்கூடாது. நீர் மண்ணில் ஊறிவிடும். சேம்பரில் ஒரு வழியை அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு குழியை மட்டும் உபயோகிக்க வேண்டும். அது நிறைய ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகும். நிறைந்ததும் அடுத்ததற்கு மாற்றிவிட்டு, முதல் குழியை ஒன்றரை வருஷமாவது மூடி வைத்தால் உள்ளே இருப்பது வாடையில்லாத எருவாகிவிடும். மனிதரைக் குழியில் இறக்கி மலம் அள்ளச் செய்வதை 2013-ம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. இந்த முறையில் அதற்குத் தேவையே வராது.

"எருவாவது, கண்ணால பார்த்தவங்க யாரு?" என்று மாமா சிரித்தார். பார்த்தவர்கள் உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவில் வாரங்கல் பக்கத்து கங்கதேவிப்பள்ளியில் இப்படிப்பட்ட குழிக்குள் தாமே இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். பல மாநில அதிகாரிகளும் உடன் இறங்கினார்கள். இதைச் சொன்னதும் மாமாவின் சிரிப்பு நின்றது.

அடுத்த தடை அத்தையிடமிருந்து வந்தது. போரிலிருந்து 35 அடியாவது தள்ள வேண்டுமென்றால் குழி வீட்டின் முன்பக்கம் தென்னை ஓரமாகத்தான் வரும். "வாசப்பக்கம் கக்கூஸ் குழியா? ஊர் என்ன சொல்லும்?" என்று இரண்டு நாள் பேசவில்லை. யாரும் வற்புறுத்தவுமில்லை. மூன்றாம் நாள் பேத்தி போர்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்துக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஊரா வந்து நமக்குத் தண்ணி ஊத்தப் போவுது? அங்கேயே தோண்டுங்க" என்றார். அன்றே வேலை ஆரம்பமாயிற்று.

உள்ளே செய்த வேலைகளில் நீங்கள் கவனிக்க வேண்டியவை:

தரை: வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானதே நல்லது. 6 அடிக்கு 1 அங்குலம் சரிவு இருக்கட்டும். டைல்ஸ் ஒட்டுமுன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள்.

கதவு: வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே மறித்துக்கொள்ளும். விளக்கு சுவிட்ச் கதவுக்கு வெளியே.

கைப்பிடி: பீங்கானுக்குப் பக்கச் சுவரிலும் குளிக்கும் இடத்திலும் ஒவ்வொன்று. வயதானவரை உட்கார வைத்துப் பார்த்து, கை எட்டும் உயரத்தில் குறித்துக்கொண்டு பதியுங்கள்.

பீங்கான்: கிராமத்துக் கழிப்பறைக்கென்றே சரிவு அதிகமாகச் செய்தது கிடைக்கிறது. 2 லிட்டர் தண்ணீர் ஊற்றினாலே சுத்தமாகிவிடும். மூட்டுவலிக்காரர்களுக்கு மேலே போடும் நாற்காலி தனியாக வாங்கலாம்.

குளிக்கும் நீர்: சோப்புத் தண்ணீரைக் குழிக்குள் விடாதீர்கள், சீக்கிரம் நிரம்பிவிடும். அக்கா அதை வாழைக்குத் திருப்பிவிட்டாள்.

செலவு செய்யும்போது குழி, குழாய், சரிவு இவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். மிஞ்சியதில் சுவர் டைல்ஸ். அக்கா வீட்டில் சுவருக்கு 4 அடி உயரம்தான் டைல்ஸ், மேலே சுண்ணாம்பு. 2014 அக்டோபர் 2-ல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமத்துக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை வைத்தார்கள். இப்போது உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

குழி வேலைக்குப் பொங்கல் முடிந்து ஆடிக்குள்ளான காலம் ஏற்றது. மழையில் தோண்டினால் மண் சரியும். மழைக்காலத்தில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதென்று இந்த வருஷமே அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மட்டத்துக்கு 6 அடியாவது மேலே குழியின் அடிப்பாகம் நிற்க வேண்டும். அக்கா வீட்டில் இப்போது அத்தை ராத்திரி யாரையும் எழுப்புவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படுக்கிறார்.