விளக்கக் கட்டுரை எழுதுவது எப்படி?

"மணிமுத்தாறு அணை எழில் கொஞ்சும் இடம்" என்று எழுதினால் அது வர்ணனை. விளக்கக் கட்டுரைக்கு முதலில் ஒரு கேள்வி வேண்டும். பாபநாசத்தில் ஏற்கனவே அணை இருக்க, மணிமுத்தாற்றில் இன்னொன்று எதற்கு? முன்னுரையில் இதைக் கேளுங்கள்.

பொருளுரையில் பதில் வரட்டும், பத்திக்கு ஒரு செய்தியாக. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வீணாகக் கடலுக்குப் போனது, இது காரணம். காமராஜர் ஆட்சியில் அணை கட்டினார்கள், நீர்மட்டம் 118 அடி, இது செயல். கால்வாய் நாங்குநேரி, திருச்செந்தூர் பக்கத்து வறண்ட நிலங்களுக்குப் போகிறது, இது விளைவு.

முடிவுரையில் புதுச் செய்தி வேண்டாம். கேள்விக்குக் கிடைத்த பதிலை ஒரே வரியில் சொன்னால் போதும்.

இது மார்க்குக்கு மட்டுமல்ல. கடைமடைக்குத் தண்ணீர் கேட்டு கலெக்டருக்கு எழுதும் மனுவுக்கும் இதே முறைதான். வர்ணனையைப் படித்து யாரும் மதகைத் திறப்பதில்லை!