கூடிப் படிக்கும்போது

யூத மறைஞான மரபான கபாலா என்றதும் பலருக்குக் கையில் கட்டும் சிவப்புக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு சஃபேத் என்கிற மலையூர் நினைவுக்கு வரும். 16ஆம் நூற்றாண்டில் அங்கே கபாலா ஆசான் மோசே கொர்தோவேரோ தன் தோழர்களுக்குச் சில ஒழுக்க விதிகளை எழுதிவைத்தார். தினமும் தோழர் ஒருவரோடு இறைவழி பற்றிப் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை அவரிடமே அந்த வாரம் செய்ததையெல்லாம் சொல்லிவிட்டு, பிறகுதான் ஓய்வுநாளை வரவேற்கப் போக வேண்டும். எவ்வளவு பெரிய துணை அது!

எங்கள் வாசிப்புக் குழுவில், கபாலாவின் மூலநூலான சோஹரின் மொழிபெயர்ப்பை வாசிக்கிறோம். ஒரு பத்தியைத் தாண்டவே ஒரு மாலை போய்விடும். இறைவனின் பத்து வெளிப்பாடுகளில் கருணையும் கண்டிப்பும் எதிரெதிரே நிற்கின்றன. தனியே படித்தபோது எனக்கு அது வெறும் வரைபடம். குழுவில் ஒரு அம்மா, மகனிடம் கண்டிப்பை எந்த இடத்தில் நிறுத்துவதென்று தெரியாமல் தவிப்பதைச் சொல்லிக் கண்கலங்கினார். அன்றுதான் அந்தப் பத்தி எனக்குள் இறங்கியது.

சஃபேத்தின் இன்னொரு கபாலா ஆசான் ஐசக் லூரியா 1572இல், 38 வயதில் மறைந்தார். அவரே எழுதியது சொற்பம். அவர் போதனைகளில் பெரும்பகுதி சீடர் ஹயீம் விட்டாலின் எழுத்து வழியாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. காலைத் தொழுகைக்கு முன், சக மனிதரை நேசிக்கும் கட்டளையை மனதார ஏற்கச் சொன்னவர் லூரியா. நாங்களும் அப்படித்தான் தொடங்குகிறோம். யாருக்குள்ளாவது மனத்தாங்கல் இருந்தால் பேசித் தீர்த்த பிறகே வாசிப்பு. சில வாரம் புத்தகத்தைத் திறக்கவே நேரமிருக்காது. அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.