11 மணியா, 4 மணியா?

விடியற்காலை 4.40. மலையடிவாரத்துத் தாலுகா மருத்துவமனை. அவசரப் பிரிவு வாசலில் ஆட்டோ நிற்க, ஒருவர் நடந்தே வருகிறார். ஐம்பதைத் தாண்டியிருப்பார், பூ வியாபாரி. பின்னால் மனைவியும் மகனும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவதெல்லாம் சினிமாவில்தான். இவர் மேல்வயிற்றைத் தடவியபடி, “கேஸ்தான் தாயி, ஒரு ஊசி போட்டா ஏப்பம் வந்துரும்” என்கிறார். வெளியே மார்கழிக் குளிர். அவர் சட்டையோ முதுகோடு நனைந்து ஒட்டியிருக்கிறது. சிஸ்டரின் கண் போவது அந்தச் சட்டை மேல்தான்.

பேச்சை வளர்க்காமல் கட்டிலில் படுக்க வைக்கிறார். கை, கால்களில் நாலு கிளிப், மார்பில் ஆறு ரப்பர் பல்பு. வியர்வையில் பல்பு நிற்கவில்லை. ஒன்றை ஒட்டினால் ஒன்று வழுக்கி விழுகிறது. பஞ்சால் மார்பைத் துடைத்துத் துடைத்து ஒட்டுகிறார். நோயாளி வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிட வேண்டும் என்பது விதி. சுவர்க் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார்.

கட்டம் போட்ட காகிதம் நகர்ந்து வருகிறது. டியூட்டி டாக்டர் சின்னப் பெண். இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்ற மூன்று வரிசைகளில் அவர் விரல் நிற்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு தரைக்கு இறங்க வேண்டிய கோடு, இறங்காமல் மேலேயே நிற்கிறது. இதயத்தின் அடிச்சுவருக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் டிராப்போனினை ரத்தத்தில் பார்க்கலாம். அது ஏறச் சில மணி நேரம் ஆகும். இந்தக் கோட்டைப் பார்த்த பிறகு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

டாக்டர் ஒரு பல்பை எடுத்து மார்பின் வலப்பக்கத்தில் வைக்கச் சொல்கிறார். அங்கும் கோடு தூக்கியே நிற்கிறது. மகன் பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரையை எடுக்கிறான். பக்கத்து வீட்டுத் தாத்தா நாக்குக்கடியில் வைப்பது. “அது இவருக்கு வேண்டாம்!” டாக்டரின் குரல் முதல்முறையாக உயர்கிறது. வலது கீழறையும் அடிபட்டிருக்கும்போது அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென இறக்கிவிடும். ஏற்கெனவே 100-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சலைன் ஓடத் தொடங்குகிறது.

“எப்ப இருந்து வலிக்குது ஐயா?”

“இப்பத்தான். 4 மணி இருக்கும்.”

“பொய் சொல்றாரு டாக்டரம்மா” என்கிறார் மனைவி. “ராத்திரி 11 மணிக்கே எந்திரிச்சு உக்காந்துட்டாரு. சோடா குடிச்சாரு, ஓமத்தண்ணி குடிச்சாரு, வெறுந்தரையில படுத்துப் பார்த்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, மார்க்கெட்டு முடியட்டும்ங்கிறாரு.”

மார்கழியில் மல்லி வரத்து குறைவு, விலை உச்சம். கணக்குத் தெரிந்தவர்தான். அந்தக் கணக்கில் 5 மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை 12 மணி நேரம் வரைக்கும் போடலாம் என்றாலும், அது நன்றாக வேலை செய்வது முதல் 2, 3 மணி நேரத்தில். அவர் ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. 2023-இலிருந்து ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் அங்கேயே மாத்திரை வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடார்வாஸ்டாடின் 8. இந்தப் பதினாலை விழுங்கிவிட்டு வண்டி ஏறியிருக்கலாம். சோடா பக்கத்தில் இருந்தது. இங்கே சிஸ்டர் இப்போது அதே மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டுகிறார். ஆஸ்பிரினை மட்டும் மெல்லச் சொல்கிறார்.

ஈசிஜி படம் வாட்ஸ்அப்பில் மதுரைக்குப் போகிறது. பெரியாஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்து அடைப்பை நீக்கலாம். ஆனால் ஆம்புலன்ஸ் வந்து, மதுரை போய்ச் சேர 2 மணி நேரத்துக்கு மேல். இங்கேயே கரைத்துவிட்டு அனுப்புங்கள் என்று பதில் வருகிறது. டாக்டர் கேள்விகளை அடுக்குகிறார். பக்கவாதம் வந்ததுண்டா? சமீபத்தில் ஆபரேஷன்? தலையில் அடி? மலம் கறுப்பாகப் போனதா? எல்லாவற்றுக்கும் இல்லை. மூளையில் ரத்தம் கசியலாம், நூறில் ஒருவருக்கு அப்படி நடக்கும் என்று சொல்லிக் காகிதத்தை நீட்டும்போது மகனின் கை தயங்குகிறது. அப்பா கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறார். தாய்தான், “போடுடா” என்கிறார்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ், 15 லட்சம் யூனிட். ஒரு மணி நேரத்துக்கு மெதுவாக இறங்க வேண்டும். நடுவில் ரத்த அழுத்தம் 84-க்குப் போகிறது. சிஸ்டர் மருந்தின் வேகத்தைக் குறைத்து, கால் பக்கத்தைத் தூக்கி வைக்கிறார். கேஸ் ஊசியைப் பூ வியாபாரி இன்னும் மறக்கவில்லை, மறுபடி கேட்கிறார். “ஒரு ஊசியும் கிடையாது ஐயா. இடுப்புல குத்துனா அங்கேயே ரத்தம் கட்டிக்கும்.”

மருந்து தொடங்கி 90 நிமிடம் கழித்து இன்னொரு ஈசிஜி. இந்த முறை பல்பு வழுக்கவில்லை. கோடு பாதிக்குமேல் இறங்கியிருக்கிறது. வலி குறைந்துவிட்டதாக அவரே சொல்கிறார், பெரிய ஏப்பத்தோடு. “நான்தான் அப்பவே சொன்னேன்ல” என்று மனைவியைப் பார்க்கிறார்.

ரெஃபர் சீட்டில் டாக்டர் மருந்தின் பெயரை எழுதிக் கோடு போடுகிறார். ஒருமுறை போட்டால் உடம்பில் எதிர்ப்பு உருவாகிவிடும், மறுபடி இதையே போடக் கூடாது. எங்கே போனாலும் இந்தச் சீட்டைக் காட்டணும் என்று மனைவியிடம் இரண்டு தடவை சொல்கிறார். 24 மணி நேரத்துக்குள் மதுரையில் ஆஞ்சியோகிராம்.

108 வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் ஏறும்போதே மகனைக் கூப்பிடுகிறார். “பிச்சி மூணு சிப்பம் பஸ் ஸ்டாண்டு கடைக்கு. மல்லிய அவன் கேட்ட விலைக்குக் கொடுத்துராத.”

“வாயை மூடிக்கிட்டுப் படுங்க” என்று மனைவி முன்னால் ஏறிக்கொள்கிறார்.