தொட்டால் ஒட்டாத நோய்

நோய் தரும் துன்பம் ஒன்று; அந்நோயைக் கண்டு அயலார் விலகுவதால் நேரும் துன்பம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே அனுபவிப்போர், சொரியாசிஸ் எனும் தோல்நோய்க்கு ஆளானோராவர். சித்த வைத்தியத்தில் இதனைக் காளாஞ்சகப்படை என்பர்.

எம்முடன் கல்லூரியிற் கற்பிக்கும் நண்பரொருவருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் வெண்செதிள் உதிரும் படைகள் பல்லாண்டுகளாக இருந்தன. யாரோ கொடுத்த ஸ்டெரொயிட் மாத்திரைகளை அவர் மாதக்கணக்கில் உண்டுவந்தார். தோல் தெளிந்தது. நோய் நீங்கிற்றெனக் கருதி, ஒருநாள் அவற்றைச் சடுதியாக நிறுத்திவிட்டார். சில வாரங்களில் உச்சிமுதல் உள்ளங்கால்வரை உடல் நெருப்பெனச் சிவந்தது. சித்திரை மாதத்து நண்பகலில், நாமெல்லாம் வியர்த்து விசிறியைத் தேடுகையில், அவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

இந்நடுக்கத்திற்குக் காரணமுண்டு. ஏறத்தாழ ஒரு மாதத்திற் புதுப்பிக்கப்படும் மேற்றோல், இந்நோயிற் சில நாட்களிலேயே வளர்ந்து உதிர்கின்றது. அழற்சி உடலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைப் பற்றும்போது, தோல் தன் காவற்றொழிலை இழக்கின்றது. உடற்சூடும் நீரும் புரதமும் வெளியேறுகின்றன. கிருமிகள் எளிதில் உட்புகுகின்றன. இதயத்தின் சுமை பெருகுகின்றது. உயிருக்கே ஆபத்தான இந்நிலையில் வீட்டு மருந்தை நம்பியிருத்தல் தகாது.

நண்பரை வைத்தியசாலையிற் சேர்த்தோம். உடற்சூட்டையும் நீரையும் பேணி, களிம்பு பூசி, இரத்தத்தைச் சோதித்து, பின்னர் சைக்குளோஸ்போரின் எனும் மருந்தைக் கொடுத்தனர். மெதொற்றெக்சேற் முதலியவற்றாற் குணங்காண்போரும் உளர். நோயெதிர்ப்பாற்றலின் குறித்த ஒரு பகுதியை மட்டும் அடக்கும் ஊசிமருந்துகளும் இப்போது உள்ளன. முற்றாக வேரறுக்கும் மருந்து இல்லையாயினும், அடக்கிவைத்து நெடிது வாழலாம்.

நண்பர் தேறிக் கல்லூரிக்கு மீண்டார். ஆயினும், ஆசிரியர் அறையில் அவருடைய தேநீர்க் குவளை தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. "எரிவைப் பொறுத்துக்கொண்டேன், மாஸ்ரர், இதைத்தான் பொறுக்க முடியவில்லை" என்றார். அன்று முதல் அக்குவளையை ஏனையவற்றோடு சேர்த்தே வைத்தோம்.

நெடுங்காலம் தொழுநோயுடன் சேர்த்தெண்ணப்பட்ட இந்நோயை, 1841ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து வைத்தியர் ஹெப்ரா வேறுபிரித்துக் காட்டினார். 2014இல் உலக சுகாதாரப் பேரவையும் இதனைத் தொற்றாநோயெனத் தீர்மானத்தில் ஏற்றது. படித்தோர் நிறைந்த அறைகளிலும் அவ்வறிவு இன்னும் புகவில்லை.

மாணவர்காள், வைத்தியரைக் கேளாது ஸ்டெரொயிட் மாத்திரைகளை உண்ணாதீர்; உண்பதாயின் சடுதியாக நிறுத்தாதீர் என வீட்டிலுள்ளோர்க்கு எடுத்துரையுங்கள். செதிள் உதிரும் கையோடு ஒருவர் பேருந்தில் உங்கள் அருகே அமர்ந்தால், எழுந்து செல்லாதிருங்கள். வைத்தியர் கொடுக்கவியலாத மருந்து அது.