பன்னிரண்டாவது மாடி ஜன்னல்

நியூயார்க்கில் ஃபிஃப்த் அவென்யூ தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பளிங்கில் ஒரு பெரிய வளைவு நிற்கிறது. 1892-ல் கட்டி முடித்தது. அதைத் தாண்டி உள்ளே போனால் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்கா. நடுவில் நீரூற்று, ஒரு மூலையில் செஸ் ஆடுகிறவர்களுக்கென்றே போட்ட மேஜைகள், மர நிழலில் பெஞ்சுகள், எந்நேரமும் பல்கலைக்கழக மாணவர் கூட்டம். இருநூறு வருடங்களுக்கு முன்னால் இது ஏழைகளைப் புதைத்த இடம் என்று சொன்னால் அங்கே கிடார் வாசித்துக்கொண்டிருக்கும் பையன்கள் நம்ப மாட்டார்கள்.

வருகிறவர்கள் பெரும்பாலும் வளைவோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் வடக்கே திரும்பி நிமிர்ந்து பார்த்தால் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் தெரியும். முகவரி, 2, ஃபிஃப்த் அவென்யூ. அதன் பன்னிரண்டாவது மாடியில் 1952 முதல் 1985 வரை குடியிருந்தார் ஆந்த்ரே கெர்டெஸ். உலகப் புகைப்படக் கலையின் பெரிய பெயர்களில் ஒன்று. ஆனால் அந்த வீட்டுக்கு அவர் வந்தபோது, இந்த ஊரில் அவரை அப்படி நினைத்தவர்கள் அதிகமில்லை.

ஹங்கேரியில் 1894-ல் பிறந்தவர். புடாபெஸ்ட் பங்குச்சந்தையில் குமாஸ்தா வேலை. முதல் கேமரா 1912-ல். பிறகு பாரிஸ், அங்கே நல்ல பெயர். 1936-ல் மனைவி எலிசபெத்துடன் நியூயார்க் வந்தார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் கணக்கு. அதற்குள் போர் வந்தது. ஹங்கேரிக்காரர் என்பதால் 'எதிரி நாட்டவர்' முத்திரை விழுந்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதே சிக்கலானது. 1944-ல் குடியுரிமை கிடைத்தது. அதன்பின் 1962 வரை ஒரு வீட்டு அலங்காரப் பத்திரிகைக்குச் சோபாக்களையும் திரைச்சீலைகளையும் படமெடுத்தார். சம்பளம் வந்தது. மனசு ஆறவில்லை.

அவருக்கு ஆறுதலாக இருந்தது அந்த ஜன்னல்தான்.

கட்டடத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். பூங்காவை ஒட்டி இருந்த பழைய வீடுகளின் உயரத்துக்கு இசைவாக முன்பகுதியை ஐந்து மாடியோடு நிறுத்திவிட்டு, பின்னால்தான் உயரமாகக் கட்டினார்கள். அதனால் மேல் மாடிகளில் நின்றால் தெற்கே மறைப்பே இல்லை. கீழே பூங்கா முழுவதும் விரிந்து கிடக்கும். அவர் குடிவந்த காலத்தில் பஸ்கள் வளைவைத் தாண்டிப் பூங்காவுக்குள்ளேயே வந்து திரும்பிப் போகும். அக்கம்பக்கத்து அம்மாக்கள் முன்னின்று போராடி, பூங்காவுக்குள் போக்குவரத்தை நிறுத்த வைத்தார்கள். தோழிகளோடு உட்கார்ந்து பேச இடம் கிடைத்ததே அவர்கள் புண்ணியத்தில்தான்.

கெர்டெஸ் தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸைப் போட்டுக்கொண்டு மேலேயிருந்து கீழே பார்த்தார். 1954 ஜனவரியில் பெரும் பனி விழுந்தது. அன்று எடுத்த படம் இன்றும் பிரசித்தம். வெள்ளைப் பனி, வளைந்து போகும் வேலி, மையில் கீறியதுபோலக் கறுத்த மரக்கிளைகள், நடுவே சின்னதாக மனித உருவம். கீழே நடந்துகொண்டிருந்தவருக்குத் தான் ஒரு படத்துக்குள் இருக்கிறோம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

இன்னொரு சின்னச் சந்தோஷமும் அவருக்கு இருந்தது. படிக்கிறவர்களைப் படமெடுப்பது. 1915-ல் ஹங்கேரியில் ஒரே புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருந்த மூன்று சிறுவர்களில் தொடங்கிய பழக்கம் அது. கிரீன்விச் வில்லேஜ் மொட்டை மாடிகளில், பால்கனிகளில், பூங்கா பெஞ்சுகளில், பேப்பரோ புத்தகமோ கையில் வைத்துக்கொண்டு உலகத்தை மறந்தவர்களை வருடக்கணக்கில் சேர்த்தார். 1971-ல் அது ஒரு புத்தகமாக வந்தது. இன்றைக்கு அதே பெஞ்சுகளில் எல்லோரும் குனிந்துதான் இருக்கிறார்கள், ஃபோனில். அவர் இருந்தால் அதையும் எடுத்திருப்பார்.

1964-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்குக் கண்காட்சி வைத்தது. எழுபது வயதில் ஊர் திரும்பிப் பார்த்தது. நல்ல காலம் வந்துவிட்டது என்று இருந்தபோதுதான், 1977-ல், எலிசபெத் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்.

இருவரும் புடாபெஸ்ட்டில் இளவயதில் பழகியவர்கள். கல்யாணம் 1933-ல், பாரிஸில். நியூயார்க்கில் அவர் மனக்குறையோடு இருந்த வருடங்களில், எலிசபெத் கூட்டாளியோடு சேர்ந்து அழகுசாதனப் பொருள் கம்பெனி நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். பாரிஸ் நாட்களில் எடுத்த ஒரு படம் உண்டு. எலிசபெத்தின் தோளில் கெர்டெஸின் கை. பிற்காலத்தில் அந்தப் படத்தை அவர் வெட்டிச் சுருக்கினார். மிஞ்சியது மனைவியின் பாதி முகமும், தோளும், தோள்மேல் இருந்த தன் கையும் மட்டும்.

மனைவி போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. கிழவருக்குத் தலைசுற்றல் தொந்தரவு வேறு. வெளியே நடமாட்டம் குறைந்தது. அப்படி வெளியே போன ஒரு நாளில் ஒரு புத்தகக் கடையின் கண்ணாடி அலமாரியில் அதைப் பார்த்தார். கண்ணாடியில் வார்த்த, தோள்வரையிலான ஒரு சின்னப் பெண் சிலை. முகத்தில் கண், மூக்கு எதுவும் தெளிவாக இல்லை. கழுத்தும் தோளும் மட்டும் அப்படியே எலிசபெத். உடனே வாங்கிவிடவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று பார்த்தார், பார்த்தார். கடைசியில் ஒருநாள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்கி வந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு காரியத்தில்தான் அவருடைய கடைசிக் கால வேலை மொத்தமும் பிறந்தது.

சிலையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். தெற்கு பார்த்த ஜன்னல், பகல் முழுக்க வெளிச்சம். எதிரே பூங்கா, தூரத்தில் அப்போது நின்ற இரட்டைக் கோபுரங்கள். காலையில் கண்ணாடிக்குள் வானம் நீலமாக இறங்கும். சாயங்காலம் அதே தோள் மஞ்சளாகும். மழை நாளில் சாம்பல். ஊரே அந்தச் சிலைக்குள் தலைகீழாகத் தெரியும்.

எடுத்தது போலராய்டு கேமராவில். மடித்தால் கோட்டுப் பைக்குள் அடங்கும். பொத்தானை அழுத்தினால் உள்ளங்கை அளவுப் படம் வெளியே வந்து, சில நிமிடங்களில் கண்ணெதிரே நிறம் பிடிக்கும். நெகட்டிவ் கிடையாது, ஒரு படத்துக்கு ஒரு பிரதிதான். வாழ்நாள் முழுக்க இருட்டறையும் கறுப்பு வெள்ளையும் என்று இருந்தவர், எண்பத்தைந்து வயதில், பிறந்தநாள் விழாக்களில் சுற்றிச் சுற்றிக் கிளிக் செய்கிற அந்தக் கேமராவைக் கையில் எடுத்தார். வீட்டிலிருந்த சின்னச் சின்னக் கண்ணாடிப் பொருள்கள், பொம்மைப் பறவைகள், ஒரு பூ, திரைச்சீலை விளிம்பு என்று ஒவ்வொன்றாகச் சிலைக்குப் பக்கத்தில் வைத்தும் எடுத்தும் பார்த்தார். பல படங்களுக்குத் தலைப்புகூட இல்லை, தேதி மட்டும்.

1981-ல் அந்தப் படங்களைத் தொகுத்து ஒரு சிறு புத்தகம் வந்தது. 'என் ஜன்னலிலிருந்து' என்று தலைப்பு. எலிசபெத்துக்குச் சமர்ப்பணம். விட்டு வந்ததே தப்பு என்று அவர் புலம்பிக்கொண்டிருந்த பிரான்ஸ் 1983-ல் உயரிய விருது கொடுத்துக் கூப்பிட்டது. அடுத்த வருடம் தன் நெகட்டிவ்கள் அனைத்தையும் அந்த நாட்டுக்கே எழுதிக் கொடுத்தார். வீட்டை மட்டும் மாற்றவில்லை. 1985 செப்டம்பரில், 91 வயதில், நியூயார்க்கிலேயே இறந்தார்.

வாஷிங்டன் ஸ்கொயருக்குப் போகிறவர்கள் குளிர்காலத்தில் போனால் நல்லது. இலை உதிர்ந்த பிறகுதான் அந்தக் கிளைகளின் கோடுகள் தெரியும். பனி விழுந்திருந்தால் இன்னும் நல்லது. பூங்காவின் பாதையில் நடந்து, நீரூற்றுக்குப் பக்கத்தில் நின்று, வடக்கே நிமிர்ந்து மாடிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகலாம். பன்னிரண்டுக்கு வரும்போது கழுத்து லேசாக வலிக்கும்.