பருந்தின் மேல் போட்ட பழி

அந்த ட்ரோனைப் பருந்து அடிக்கவில்லை. நான்தான் விழ வைத்தேன்.

2022 ஆடி மாதம். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனி. வெளிநாட்டு பையருக்குக் காட்ட வீடியோ கேட்டிருந்தார்கள். கூரையில் சோலார் தகடு, வாசலில் கம்பெனி வேன்கள், டீ நேரத்தில் கும்பலாக வெளியே வரும் ஆட்கள், இவ்வளவும் மேலிருந்து வேண்டுமாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று பல்லடம் காற்றாலைகளை எப்படிச் சுழற்றும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில், மாடியில் கிடந்த இரும்பு ஷீட்டின் மேலேயே வைத்துக் கிளப்பினேன். திரையில் காம்பஸ் எச்சரிக்கை வந்தது. படிக்காமல் தள்ளிவிட்டேன்.

நான் ஒரு பக்கம் திருப்ப, அது வேறு பக்கம் போய்ச் சுவரில் மோதியது. கீழே டீ டம்ளரோடு நின்ற, டெய்லருக்கு உதவும் கைமடிப் பெண்ணின் நெற்றி கிழிந்தது. நாலு தையல்.

"பருந்து அடிச்சிருச்சுங்க மொதலாளி."

வாயில் எப்படித்தான் வந்ததோ. அவர் நம்பினார். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. என்னிடம் மூன்றாம் நபர் காப்பீடு இல்லை. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, உன் ட்ரோன் பைலட் சான்றிதழ் எங்கே என்பதாகத்தான் இருக்கும்.

சான்றிதழ் என்னிடம் இருந்ததே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நண்பர் ஒருவருடைய சான்றிதழைப் போனில் காட்டுவேன், பெயர் இருக்கும் இடத்தில் கட்டை விரலை வைத்துக்கொண்டு. ஒரு தேர்த் திருவிழாவில் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டபோது, "நானோ வகைங்க சார், 250 கிராம்கூட இல்ல" என்றேன். 250 கிராம் வரைக்கும் சான்றிதழ் தேவையில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. தராசுதான் அவரிடம் இல்லை. என்னுடையது 900 கிராம். இரண்டு கிலோவுக்குள் இருப்பதைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டாலும் சான்றிதழ் வேண்டாம். நான் கல்யாணத்துக்கும் கம்பெனிக்கும் காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டவன்.

சாக்குகளுக்குக் குறைவில்லை. 2014-இல் தனியார் யாருமே பறக்கவிடக் கூடாது என்றார்கள். 2018 டிசம்பரில் அனுமதி வந்தது, கூடவே ஒரு மூட்டைப் படிவமும் வந்தது. "கவர்மெண்டே விடமாட்டேங்குது, நான் என்ன பண்றதுங்க" என்று அப்போது சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. 2021 ஆகஸ்ட் 25-இல் புதிய ட்ரோன் விதிகள் வந்தன. 25 படிவங்கள் 5 ஆயின. மறுவருடம் பிப்ரவரியில் உரிமம் என்பதையே எடுத்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி தரும் சான்றிதழே போதும் என்றார்கள். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலேயே பயிற்சி கிடைக்கிறது. "பாஸ்போர்ட் கேக்கறாங்க" என்று மிச்சமிருந்த ஒன்றைச் சொல்லித் திரிந்தேன். 2023 செப்டம்பரில் அதுவும் வேண்டாம், வேறு அரசு அடையாள அட்டை போதும் என்று திருத்திவிட்டார்கள். ஒவ்வொரு சாக்கும் கழன்று விழ விழ, அடியில் மறைத்து வைத்திருந்தது மட்டும் மிஞ்சியது.

சான்றிதழுக்கான தகுதி: வயது 18 முதல் 65 வரை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி.

நான் ஒன்பதாவதில் நின்றவன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். சனிக்கிழமை சம்பளக் கவரைக் கையில் வாங்கிய பையனுக்கு அதற்கப்புறம் கணக்கு நோட்டு எதற்கு? நானும் அந்தப் பெண்ணைப் போலக் கைமடி வேலைக்குத்தான் முதலில் போனேன். பெண் பார்க்கப் போனபோது பிளஸ் டூ என்று சொல்லியாயிற்று. மனைவி இன்றும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என்ற விதி என்னைப் பயமுறுத்தவில்லை. மார்க் ஷீட் நகலை இணைக்கவும் என்ற ஒரு வரிதான் பயமுறுத்தியது. அந்த வெட்கத்துக்கு விலையாக அடுத்தவள் நெற்றியில் நாலு தையல் விழுந்திருக்கிறது.

இரும்புக்குப் பக்கத்தில் காம்பஸ் பிசகும் என்பதை, நண்பர் பயிற்சியிலிருந்து கொண்டுவந்த நோட்டில் பின்னால்தான் படித்தேன். இரண்டே வரி.

பத்தாம் வகுப்புக்குத் தனித்தேர்வராக விண்ணப்பித்திருக்கிறேன். தபால் வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்று என் ஸ்டுடியோ முகவரி கொடுத்திருக்கிறேன். இதிலும் ஒரு கட்டை விரல். மேலிருந்து எடுக்கும் வேலை வந்தால் சான்றிதழ் உள்ள பையன் ஒருவனைக் கூட்டிப்போகிறேன். கிளப்புவதற்கு முன் அவன் இரும்பை விட்டுப் பத்தடி தள்ளி நடக்கிறான்.

அந்தப் பெண் இப்போது அதே கம்பெனியில் பேட்லாக் டெய்லர். போன மாதம் கேட்டில் பார்த்தேன். "அண்ணா, பருந்து இருக்குது, பாத்து உடுங்க" என்று சிரித்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.