கைக்கு எட்டிய சுவிட்சு

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது நம் நாட்டுப் பழமொழி. வாய்க்கு எட்டாமற் போனால் வருவது ஏமாற்றம். கைக்கே எட்டாமற் போனால் சில வேளைகளில் வருவது ஆபத்து. மின்சார சுவிட்சுக்கு இது முற்றும் பொருந்தும். "சுவிட்சைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். நிலவைப் பற்றியும் தென்றலைப் பற்றியும் எழுத இம்மலரில் பலர் இருக்கிறார்கள். சுவிட்சுக்கு யார் இருக்கிறார்கள்?

வீடு கட்டும்போது பிளக் பாயிண்டு எங்கே வரவேண்டும் என்பது வெறுஞ்சுவரைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது. பின்னர் அந்த வீட்டிற்குக் கட்டில் வருகிறது, பீரோ வருகிறது, மேசை வருகிறது. பிளக் பாயிண்டு மெல்ல மெல்ல அவற்றின் முதுகுக்குப் பின்னால் மறைந்து போகிறது. எங்கள் வாடகை வீட்டிலும் அதே கதைதான். கூடத்தில் இருக்கும் ஒரே பிளக் பாயிண்டு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், பீரோவின் பின்புறத்தில் இருக்கிறது. குனிந்து, சந்துக்குள் கையை விட்டுத் துழாவினால்தான் சுவிட்சு அகப்படும்.

என் தாயார் தையல் தொழில் செய்பவர். காலால் மிதித்துத் தைத்து வந்த மெஷினில், மூட்டுவலி வந்த பிறகு மோட்டார் பொருத்தினோம். மிதியை லேசாக அழுத்தினாலே போதும், ஊசி பறக்கும். முழங்காலுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் சுவிட்சைப் போடவும் அணைக்கவும் குனிய வேண்டியிருந்ததே! ஆகவே காலையில் போட்ட சுவிட்சு இரவுவரை அப்படியே இருந்தது.

ஊசியில் நூல் கோக்கும்போதும், ஊசியை மாற்றும்போதும் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. அம்மாவுக்கும் அது தெரியும். ஒரு மாலை, நூல் அறுந்துபோய் அம்மா ஊசிக்கடியில் விரலை வைத்து நூல் கோத்துக் கொண்டிருந்தார். மேசைக்கடியில் கார் ஓட்டி விளையாடிக் கொண்டிருந்த என் தம்பி, மிதியை 'பிரேக்' என்று எண்ணிக் கையால் அழுத்தினான். ஊசி அம்மாவின் நகத்தை உரசிக்கொண்டு இறங்கி ஏறியது. நூலிழையில் தப்பினார் என்று சொல்வது இங்கே வெறும் வழக்கன்று, உண்மையே அதுதான்.

"சுவிட்சை அணைத்துவிட்டுக் கோத்தால் என்ன?" என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நான் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நிறத்துக்கு நிறம் நூல் மாற்றியும், அறுந்த நூலைக் கோத்தும், அன்று மட்டும் 20 முறை அம்மா ஊசிக்குக் கீழே விரலைக் கொண்டு போனார். ஒவ்வொரு முறையும் அணைக்க ஒரு தரம், போட ஒரு தரம். ஆக 40 முறை குனிந்து எழ வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு நாள்தோறும் 40 தோப்புக்கரணம்! அறிவுரை சொன்னவர்களில் ஒருவரும் அதை ஒரு நாள் செய்து பார்க்க முன்வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? மெஷினை நகர்த்தினால் சன்னல் வெளிச்சம் போய்விடும். சுவரை உடைக்க வீட்டுக்கார அம்மாள் சம்மதிக்கவில்லை. சுவிட்சு இருக்கும் இடத்துக்கு அம்மா போக முடியாது என்றால், அம்மா இருக்கும் இடத்துக்குச் சுவிட்சு வரட்டும் என்று தெருக்கோடியில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்து வந்தேன்.

அவர் ஒரு சிறிய பெட்டியில் 6 ஆம்பியர் சுவிட்சு ஒன்றும், மூன்று முள் சாக்கெட்டு ஒன்றும், சிவப்பு விளக்கு ஒன்றும் பொருத்தினார். மேசையின் வலப்புற ஓரத்தில் அதைத் திருகாணியால் முடுக்கினார். அதிலிருந்து கிளம்பிய வயர் மேசைக் காலை ஒட்டி இறங்கி, சுவரோரமாகச் சென்று, பீரோவுக்குப் பின்னாலிருக்கும் பழைய பிளக் பாயிண்டில் சேர்ந்தது. வயரைப் பாய்க்கடியில் விடக்கூடாது, நடைவழியில் குறுக்கே போடக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

வேலை செய்துகொண்டே அவர் சொன்னவை எனக்கு ஒரு பாடமாகவே அமைந்தன. "தங்கச்சி, மூணு கம்பியிலே சிவப்பை மட்டுந்தான் சுவிட்சு வழியா விடணும். கறுப்பும் பச்சையும் நேரா போகணும்" என்றார். சிவப்பு, மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பி. அதற்குப் பதிலாகக் கறுப்பாகிய நியூட்ரலில் சுவிட்சை வைத்தாலும் மெஷின் நிற்கத்தான் செய்யும். ஆனால் மோட்டாருக்குள் 230 வோல்ட் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். நின்றுவிட்டதே என்று நம்பித் திறப்பவரை அது தாக்கும். பச்சையாகிய எர்த் கம்பியை எக்காரணத்தைக் கொண்டும் இடையில் துண்டிக்கக் கூடாது. சுவரிலுள்ள சாக்கெட்டில் பேஸ் சரியான பக்கத்தில் வருகிறதா என்பதையும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே அவர் பிளக்கைச் செருகினார்.

மோட்டார் 100 வாட். 230 வோல்ட்டில் அதற்குத் தேவைப்படுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஆகையால் 6 ஆம்பியர் சுவிட்சு தாராளமாகத் தாங்கும். ஆனால், 2000 வாட் ஹீட்டரை இதில் செருகினால் ஏறத்தாழ 9 ஆம்பியர் பாயும். சுவிட்சும் வயரும் சூடேறிக் கருகும். கையருகே இருக்கிறது என்பதற்காக எதையும் செருகிவிடலாகாது. இரவில் வேலை முடிந்ததும் சுவர்ச் சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம். ஏனெனில் பெட்டிவரை வரும் வயரில் அதுவரை மின்சாரம் இருக்கும். அதற்கு ஒரு முறை குனிந்தால் போதும். அந்த ஒரு முறை என்னுடையது.

சுவிட்சைத் தட்டும்போது 'டக்' என்று ஓர் ஓசை கேட்கிறதல்லவா? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஓடும் மின்சாரத்தை மெதுவாகப் பிரித்தால் இடைவெளியில் தீப்பொறி நீண்டு நின்று உலோக முனைகளைக் கருக்கிவிடும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் 1884-ஆம் ஆண்டில், விரல் எவ்வளவு மெதுவாக அசைந்தாலும் முனைகள் சட்டென்று விலகும்படியான சுவிட்சை உருவாக்கினார். மனிதன் மெதுவாகத்தான் இயங்குவான் என்று அறிந்து, அவனைத் திருத்த முயலாமல், கருவியை அவனுக்கு ஏற்பத் திருத்தினார் அவர். சிந்திக்கத் தக்க செய்தி அன்றோ!

இந்தச் சிறு வேலைக்கு ஆன செலவு, அம்மா இரண்டு ரவிக்கை தைக்கும் கூலிக்குள் அடங்கிவிட்டது. இப்போது நூல் அறுந்தால் அம்மாவின் வலக்கை தானாகவே பெட்டிக்குப் போகிறது. சிவப்பு விளக்கு அணைகிறது. அதன் பிறகே விரல் ஊசிக்கடியில் போகிறது. யாரும் நினைவூட்டுவதில்லை, அவரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. முன்பு இருந்த அதே அம்மாதான், அதே விதிதான். மாறியது தூரம் மட்டுமே.

இரயில் பெட்டியில் அபாயச் சங்கிலி பயணிகளின் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டிருக்கிறது. தொழிற்சாலை இயந்திரங்களில் அவசரமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தான் தொழிலாளியின் கையருகே இருக்கிறது. தீயணைப்புக் கருவியை வாங்கிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டால், அது கணக்கேட்டில் மட்டுமே இருக்கும்; தீயை அணைக்காது. பாதுகாப்பு என்பது இருந்தால் மட்டும் போதாது, எட்டவும் வேண்டும்.

நண்பர்களே! முதியோரும் நோயாளிகளும் ஒரு விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்று கடிந்துகொள்ளுமுன், அந்த விதி அவர்கள் கைக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று ஒருமுறை அளந்து பார்ப்போம். பல வீடுகளில் அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. குறைவாக இருப்பது மூன்று கஜம் வயர்தான்.